கடைசி பெஞ்சும் லின்வல் பிளமர் மூலிகைக் கடையும்

இவாட்னி பிளமர் தொப்பி வாங்கப் போனால், கடையிலேயே பெரியது எதுவோ அதைத்தான் எடுப்பாள். முன்பெல்லாம் அப்படி இல்லை. சபையின் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடிய காலத்தில் அடக்கமான வெள்ளைத் தொப்பிதான். கடைசி பெஞ்சுக்குத் தள்ளிய பிறகுதான் இந்த வீம்பு. பின்னால் உட்கார வைத்தால் கண்ணில் படாமல் போய்விடுவேனா என்று கேட்காமல் கேட்கும் தொப்பிகள். ஒன்று மாம்பழ மஞ்சள், ஒன்று ரத்தச் சிவப்பு, ஒன்றில் சேவல் இறகு. முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெரியாது, பிரசங்கம் செய்கிறவருக்கு அது ஒன்றுதான் தெரியும்.

எங்கள் பெத்தானி கேப் ஊர்ச் சபையில் கடைசி பெஞ்சு என்றால் லேசுப்பட்ட விஷயமில்லை. கல்யாணமாகாமல் வயிறு தள்ளிக்கொண்டு வந்த பெண்ணுக்கு அங்கேதான் இடம். ரம் குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து கிடந்தவனுக்கும் அங்கேதான். பாடக் கூடாது, திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் கிடையாது. நோயாளிகளுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும்போது அந்த வரிசையைத் தொடாமல் திரும்பிவிடுவார்கள். முன்னால் வந்து எல்லோர் எதிரிலும் மன்னிப்புக் கேட்டால் பழைய இடம் கிடைக்கும். வழக்கமாக ஓரிரு மாதத்தில் அழுதுகொண்டே போய்க் கேட்டுவிடுவார்கள். இவாட்னி வருஷக்கணக்காக அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். வீட்டிலிருந்து ஒரு மெத்தைகூடத் தைத்துக் கொண்டுவந்து பெஞ்சில் போட்டுவிட்டாள். அத்தனை நெஞ்சழுத்தம்!

அவள் செய்த பாவம் கஞ்சா விற்பது. எங்கள் தீவிலும் அதற்கு அந்தப் பெயர்தான். கரும்பு வெட்ட வந்த இந்தியக் கூலிகளோடு கப்பலேறி வந்து ஒட்டிக்கொண்ட பெயர். ஒளித்து விற்கவில்லை. சட்டம் மாறியதும் தலைநகர் கிங்ஸ்டனுக்கு நடையாய் நடந்து உரிமம் வாங்கி, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி, மாண்டவில் டவுனிலிருந்து வாரம் ஒருநாள் வரும் டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் மருந்தாக விற்கிறாள். பூவும் உண்டு, நாக்கடியில் விடும் சொட்டு மருந்தும் உண்டு, முட்டிக்குத் தடவும் எண்ணெயும் உண்டு. எண்ணெயை அவளே காய்ச்சுவாள், அதற்கும் உரிமம் இருக்கிறது. தேங்காயெண்ணெயில் இலையை ஊறவைத்து, கொஞ்சம் பிமென்டோ என்கிற வாசனை மரத்தின் இலை, நிறைய இஞ்சி. தேய்த்ததும் சுருக்கென்று ஒரு காந்தல் வரும், அப்புறம் வலி இறங்கும்.

கடை வாசலில் ஆளுயரப் பலகை. 'லின்வல் பிளமர் மூலிகை இல்லம்' என்று பச்சை எழுத்தில்.

லின்வல் அவளுடைய தம்பி. சின்ன வயதிலிருந்து இழுப்பு. மூச்சு அடைத்து முகம் நீலமாகிவிடும். டவுனுக்குத் தூக்கிப் போக வண்டி ஏது, வண்டி வந்தாலும் காசு ஏது? அம்மா சமையலறைக்குப் பின்னால் ஒரே ஒரு செடி வைத்திருந்தாள். அந்த இலையைக் கொதிக்க வைத்துப் புகட்டுவாள், பையன் தூங்குவான். ஊரில் பாதி வீட்டில் அப்படித்தான் நடந்தது, யாரும் வாய் திறக்க மாட்டார்கள். லின்வல் வளர்ந்து, அமெரிக்காவுக்கு ஆப்பிள் பறிக்கப் போகும் ஆட்களில் அவனுக்கும் இடம் கிடைத்து, பெட்டி வாங்கி வைத்திருந்த சமயத்தில் போலீஸ் வந்தது. கார்ப்பரல் பாரட் செடியை வேரோடு பிடுங்கினார். அம்மாவைக் கொண்டுபோகப் பார்த்தார்கள், லின்வல் குறுக்கே வந்து செடி என்னுடையது என்றான். கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஜெயிலில் ஈரத்தரை. திரும்பி வந்தவன் நெஞ்சு முழுக்கச் சளியோடு வந்தான். அமெரிக்காவும் இல்லை, உள்ளூரில் வேலையும் இல்லை, கஞ்சாக் கேஸ் என்று பெயர் மட்டும் இருந்தது. அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

சவ அடக்கத்தில் சபை அவன் பெயரைச் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னது. இவாட்னி அதை மறக்கவே இல்லை. நெக்ரில் என்ற கடலோர ஊரின் ஓட்டல்களில் வெள்ளைக்காரர்கள் படுத்த விரிப்பை இருபது வருஷத்துக்கு மேல் துவைத்தாள், கை வெந்துபோனது. அந்த வெள்ளைக்காரர்கள் கடற்கரையில் உட்கார்ந்து தம்பியை ஜெயிலுக்கு அனுப்பிய அதே இலையைப் புகைத்துச் சிரித்ததையும் பார்த்தாள், அப்போது எந்த கார்ப்பரலும் வரவில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

கடை திறந்த கொஞ்ச நாளில், ரிட்டயராகி முதுகு கூனிப்போன கார்ப்பரல் பாரட் டாக்டர் சீட்டோடு வந்து நின்றார்.

"தூக்கமே வரமாட்டேங்குது மிஸ் வாட்னி. சொட்டு மருந்து குடுக்கச் சொல்லியிருக்காரு."

"குடுக்கிறேன். மொதல்ல வெளிய போய் பலகையைப் படிச்சிட்டு வாங்க. சத்தமா."

"எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லம்மா."

"அடுப்படிக்குப் பின்னால இருட்டுல நின்ன ஒத்தச் செடியக் கண்டுபிடிச்ச கண்ணாச்சே! நல்லாவே தெரியும். போங்க."

அவர் வெளியே போய், சந்தைக்குப் போகிறவர்கள் எல்லாம் பார்க்க, லின்வல் பிளமர் என்று படித்தார். அதன் பிறகுதான் மருந்து. ஒவ்வொரு தடவையும் படிக்க வைத்தாள். விலையில் ஒரு பைசா தள்ளுபடி கிடையாது. ஆனால் அவர் என்ன மருந்து வாங்குகிறார், எதற்கு வாங்குகிறார் என்று ஒரு ஈ காக்கைக்குக்கூட அவள் சொன்னதில்லை. யார் என்ன வாங்கினார்கள் என்பது கல்லறைக்கு அவளோடு போகவேண்டிய விஷயம். அந்த ஒன்றில் அவள் பிடிவாதம் மற்ற எல்லாப் பிடிவாதத்தையும் மிஞ்சும்.

அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் எங்கள் சபைப் பெண்களின் கதை சந்தி சிரித்திருக்கும். சிஸ்டர்கள் எல்லாம் பின்வாசல் வழியாகத்தான் வருவார்கள். சொட்டு மருந்தை இருமல் மருந்துப் புட்டியில் ஊற்றிக்கொள்வார்கள். தைலத்தை வேறு புட்டிக்கு மாற்றுவார்கள். லேபிளை வீட்டுக்குப் போகும் வழியிலேயே உரித்து வேலியில் எறிவார்கள், இவாட்னி காலையில் போய்ப் பொறுக்குவாள். "உங்க வெக்கத்தையெல்லாம் நான்தான் கூட்டிப் பெருக்கணும்" என்று திட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை அதே சிஸ்டர்கள் தலையைத் திருப்பிக்கொண்டு அவள் பெஞ்சைத் தாண்டிப் போவார்கள்.

இதில் மதர் ஐசில்டா மட்டும் கொஞ்சம் வேறு. சபையின் மூத்த தாய், எண்பதைத் தாண்டியவள், மோப்பம் போய் வெகுகாலம். கடை இருக்கும் அறை அவளுடையது. நோயாளிகளுக்குப் பூசும் அபிஷேக ஆலிவ் எண்ணெயை வீட்டில் வைத்துப் புட்டியை நிரப்பிக் கொண்டுவருவதும் அவள் பொறுப்பு. அவளும் மூட்டுவலித் தைலத்தைப் பழைய ஆலிவ் எண்ணெய்ப் புட்டியில் மாற்றித்தான் வைப்பாள். ஆனால் ரோட்டில் பார்த்தால் நின்று பேசுவாள்.

புதிதாக வந்த பாஸ்டர் வைட்லாக்குக்கு இவாட்னியின் தொப்பிகள் பொறுக்கவில்லை. கடைசி பெஞ்சு என்பது அழவைக்க ஏற்பட்டது, இவளோ அங்கே மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். ஒருநாள் கடைக்கே வந்துவிட்டார். உள்ளே கால் வைக்கவில்லை, வாசலில் நின்றார்.

"சிஸ்டர் பிளமர், வர்ற ஞாயித்துக்கிழமை முன்னால வந்து மன்னிப்புக் கேளுங்க. கடைய மூடுறேன்னு சொல்லுங்க. அன்னிக்கே உங்களைப் பாட விடுறேன். உங்க குரலைப் பத்தி எல்லாரும் சொல்றாங்க."

"மாட்டேன்னா?"

"மதர் ஐசில்டாகிட்ட பேசிட்டேன். சபைக்குத் தாயா இருக்கறவங்க இடத்துல இந்த வியாபாரம் நடக்கலாமா? ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

இவாட்னிக்கு உள்ளுக்குள் திக்கென்றது. உரிமம் அந்த அறைக்குத்தான். அறை போனால் சுவரில் தொங்கும் காகிதம் வெறும் காகிதம். மறுபடி முதலிலிருந்து நடக்கவேண்டும். இன்னொரு அறையை அவளுக்கு எவன் தரப்போகிறான்? பலகையைக் கழற்றி எங்கே வைப்பது, கட்டிலுக்கு அடியிலா? வெளியே மட்டும் காட்டிக்கொள்ளவில்லை.

"பாஸ்டர், கைவிரல் எப்படி இருக்கு? போன மாசம் மடக்கவே முடியலைன்னீங்களே."

"கர்த்தர் சொகம் குடுத்தார்" என்று பத்து விரலையும் விரித்துக் காட்டினார். "இப்ப கிட்டாரே வாசிக்கறேன். என்னை மட்டுமா? டீக்கன் லெமுவேல் முட்டியைப் பாத்தீங்களா? அபிஷேகம் இறங்கியிருக்கிற நேரம் இது. தொலைஞ்சு போயிடாதீங்க."

அது உண்மைதான். கொஞ்ச காலமாக சபையில் ஒரே அற்புதம். எண்ணெய் பூசப் பூச முட்டிகள் மடங்கின, தோள்கள் தூக்கின. தடியோடு வந்த சபை ஊழியர் டீக்கன் லெமுவேல் தடியை வீட்டில் வைத்துவிட்டு வந்து சாட்சி சொன்னார். பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆள் வர ஆரம்பித்தது.

சுகம் கிடைக்காத ஒரே ஆள் மதர் ஐசில்டா. அன்று சாயங்காலம் இவாட்னி அவள் வீட்டுக்குப் போனபோது காலை நீட்டி உட்கார்ந்து அனத்திக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி வாட்னி, உன் எண்ணெய்க்கு என்னடி ஆச்சு? பாதிப் புட்டி தேச்சாச்சு, ஒரு காந்தலும் இல்ல, ஒண்ணும் இல்ல. இஞ்சியக் கொறச்சிட்டியா?"

"என் எண்ணெயவா சொல்றீங்க? கையை ஒடிச்சுக்கிட்டாலும் ஒடிச்சுக்குவேன், இஞ்சியக் கொறைக்க மாட்டேன்!"

"அப்ப எனக்குத்தான் வயசாயிடுச்சு போல. மண்ணுக்குப் போற காலுக்கு மருந்து ஏறல."

"ரூம் விஷயம் கேள்விப்பட்டேன் மதர்."

கிழவி முட்டியைத் தடவிக்கொண்டாள். "நான் என்னடி பண்ணுவேன்? என்னை அடக்கம் பண்ணப்போறது அந்த சபைதானே. பாஸ்டர் வந்து உக்காந்து, நரகம் அது இதுன்னு..." என்று இழுத்தாள். இவாட்னி அதற்கு மேல் கெஞ்சவில்லை. கெஞ்சத் தெரியாது அவளுக்கு. வறுத்த மரவள்ளிக்கிழங்கு பம்மி ரொட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சேவல் இறகுத் தொப்பி. சபை நிரம்பி வழிந்தது. விஷயம் ஊருக்கே தெரியும், வராதவன்கூட வந்திருந்தான். இவாட்னி மெத்தையில் உட்கார்ந்தாள்.

முதலில் நோயாளிகளுக்கு அபிஷேகம். இடம் போதாமல் கடைசி பெஞ்சுக்கு முன்வரிசை வரை ஆட்கள் இருந்ததால், பாஸ்டர் புட்டியும் கையுமாக அவள் மூக்குக்கு எதிரே வந்தார். ஒருத்தி தோளில் தேய்த்தார். இவாட்னி மூச்சை இழுத்தாள். பிமென்டோ. இஞ்சி. அதற்கு அடியில் அவள் இலை.

அட கடவுளே!

தன் பிள்ளை அழுகிற சத்தம் தாய்க்குத் தெரியாதா? அது அவள் எண்ணெய்தான். மதர் ஐசில்டாவின் முட்டியில் ஏன் காந்தல் இல்லை என்பதும் அந்த நொடியில் விளங்கியது. கிழவி இரண்டு ஆலிவ் எண்ணெய்ப் புட்டியையும் ஒரே அலமாரியில் வைத்து, தன்னுடையதை சபைக்குக் கொண்டுவந்துவிட்டு, சபையினுடையதைத் தன் காலில் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். லேபிள் உரிக்கிற ஊரில் வேறென்ன நடக்கும்? மற்றவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். பாதிப் பேர் முட்டியில் ஏற்கெனவே அந்த வாசம்தான். தன்னிடமிருந்துதான் வருகிறதோ என்று பயந்து ஒவ்வொருத்தியும் பாவாடையை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். பாஸ்டருக்கோ பிறவி ஜலதோஷ மூக்கு.

இவாட்னிக்குச் சிரிப்பு முட்டியது. அடுத்த நிமிஷம் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாஸ்டர் அவ்வளவுதான், கடை பிழைத்தது. ஆனால் சொன்னால் மதர் ஐசில்டா தைலம் வாங்குவது வெளியே வரும். யாரிடம் என்ன விற்றேன் என்று அவள் வாயால் வரவேண்டும். வாயை இறுக மூடிக்கொண்டாள். நாக்கு அரித்தது, கடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர் பிளமர்" என்று பாஸ்டர் மேடையிலிருந்து கூப்பிட்டார். "கதவு திறந்திருக்கு. வாங்க. மன்னிப்புக் கேளுங்க."

இவாட்னி எழுந்தாள், பெஞ்சை விட்டு நகரவில்லை.

"எதுக்குங்க மன்னிப்பு? என் தம்பிக்கு மூச்சு வர்றதுக்கு எங்கம்மா ஒரு செடி வெச்சா. அதுக்கு அவனைக் கொன்னீங்க. பொணத்து மேல நின்னுக்கிட்டு அவன் பேரச் சொல்ல வெக்கப்பட்டீங்க. நீங்க வந்து எங்கிட்ட கேளுங்க மன்னிப்பு, நான் யோசிச்சு சொல்றேன். ரூமை எடுத்துக்குங்க. பலகையைத் தலையில சுமந்துக்கிட்டு ரோட்டுல நிப்பேன். முன்னால மட்டும் வரமாட்டேன்!"

குரல் உடைந்துவிட்டது, அதற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. உட்கார்ந்தாள்.

"கேட்டீங்கல்ல எல்லாரும்?" என்றார் பாஸ்டர். "மதர் ஐசில்டா, நீங்க சொல்ல வேண்டியதச் சொல்லுங்க."

மதர் ஐசில்டா முன் நாற்காலியில் கையூன்றி எழப் பார்த்தாள். எழ முடியவில்லை. மறுபடியும் பார்த்தாள். "முட்டி வரமாட்டேங்குது பாஸ்டர். எல்லாருக்கும் பூசுறீங்க, எனக்கும் கொஞ்சம் பூசுங்க. நின்னுகிட்டுச் சொல்றேன்."

பாஸ்டர் சந்தோஷமாக மண்டியிட்டார். தாராளமாக ஊற்றி ஜெபித்துக்கொண்டே தேய்த்தார். கிழவி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். திடீரென்று கண்ணைத் திறந்தாள். குனிந்து தன் முட்டியைப் பார்த்தாள், புட்டியைப் பார்த்தாள்.

"காந்துதே" என்றாள்.

"வல்லமை இறங்குது மதர்!"

"வல்லமை இல்ல பாஸ்டர், இஞ்சி. இந்தப் புட்டி எது?"

"நீங்க கொண்டுவந்து வெச்சதுதானே?"

கிழவிக்கு விஷயம் புரிந்து முகத்தில் பரவ ஒரு நிமிஷம் ஆனது. அப்புறம் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று இரண்டு சிஸ்டர்கள் ஓடி வந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, நாசமாப் போச்சு! இது என் தைலம்ல? மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன். சபை எண்ணெயை நான் வீட்டுல தேச்சுக்கிட்டு, திருட்டு வாட்னி இஞ்சியக் கொறச்சிட்டான்னு அவளைத் திட்டிக்கிட்டிருக்கேன்!" கையைப் பின்பக்கம் நீட்டினாள். "செஞ்சது அதோ, அந்தத் தொப்பிக்காரி."

 டீக்கன் லெமுவேல் தன் முட்டியையே ஏதோ அந்நிய முட்டி மாதிரி பார்த்தார். யாரோ ஒருத்தி கிளுக்கென்று சிரித்தாள், அது தீ மாதிரி பரவியது.

பாஸ்டர் எழுந்து நின்றார். கை முழுக்க எண்ணெய். விரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் விரித்து வைத்துக்கொண்டிருந்தார். "எண்ணெய் எதுவா இருந்தா என்ன? சொகம் குடுத்தது விசுவாசம்!"

"நானும் விசுவாசத்தோட ஜெபம் பண்ணித்தானே வீட்டுல தேச்சேன் பாஸ்டர்? என் முட்டிக்கு மட்டும் கர்த்தர் லீவு விட்டாரா?"

"மதர், யோசிச்சுப் பேசுங்க. இதை வாங்கினேன்னு நீங்களே சொன்னா, உங்க எடமும் கடைசி பெஞ்சுதான்."

சிரிப்பு நின்றது. அந்த நாற்காலியில் அவள் உட்கார ஆரம்பித்தபோது பாஸ்டர் பிறந்திருக்கவே மாட்டார். மதர் ஐசில்டா எழுந்தாள். இந்த முறை முட்டி வந்தது. தடியை எடுத்துக்கொண்டு, நடுவழியே, ஒவ்வொரு வரிசையாகத் தாண்டி நடந்தாள். யாரும் கை கொடுக்கத் துணியவில்லை. கடைசி பெஞ்சுக்கு வந்து இவாட்னியைத் தடியால் இடித்தாள்.

"நகருடி. மெத்தையில பாதி குடு."

இவாட்னி நகர்ந்தாள். கண்ணீர் நிற்கவில்லை, துடைக்கவும் இல்லை.

"பாஸ்டர்!" என்றாள் கிழவி அங்கிருந்தே. "ரூம் என்னுது. நான் சாகற வரைக்கும் அவ கடை அங்கதான். செத்தப்புறமும் அங்கதான், எழுதி வெச்சிடறேன். என்னை அடக்கம் பண்ண மாட்டீங்கன்னா விட்டுடுங்க, வாட்னி குழி தோண்டுவா. தெம்பானவ."

அன்று பாட்டு ஆரம்பித்தபோது முன்னாலிருந்து சரியாக எழும்பவில்லை. பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் பிடித்துக்கொண்டது. வருஷக்கணக்காகக் கேட்காத குரல். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை இவாட்னி சுத்தியல் எடுத்துப் பின்வாசலுக்குக் குறுக்கே இரண்டு கட்டையை வைத்து ஆணி அடித்தாள். அடித்து முடிக்கும்போது வெளியே யாரோ தட்டினார்கள்.

"மிஸ் வாட்னி... நான்தான், லெமுவேல். நேத்து எண்ணெய் பூசிக்கல. முட்டி பிடிச்சுக்கிச்சு. இன்னிக்கு டாக்டர் வர்ற நாளாச்சே, விடியக்காலையிலேயே சீட்டு வாங்கிட்டேன். கதவைத் திறங்க, யாராவது பாக்கப்போறாங்க."

"பின்வாசல் இனிமே கெடையாது டீக்கன். முன்னால வாங்க."

"முன்னாலயா? சந்தை நாளாச்சே!"

"அதான் சொல்றேன், முன்னால வாங்க. பலகையைப் படிச்சிட்டு உள்ள வாங்க."

டீக்கன் நொண்டி நொண்டிச் சுற்றி வந்தார். வெங்காயத்தாள் கட்டுகளோடு போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்றார்கள். எதிர்ப்பக்கத் திண்டில் மருந்துக்காகக் காத்திருந்த கார்ப்பரல் பாரட், மெதுவாக எழுந்து தொப்பியைக் கழற்றினார். லின்வலை அடக்கம் செய்த அன்று பெயரை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கி ஜெபம் சொன்னவர் இந்த லெமுவேல்தான்.

"லின்வல் பிளமர்" என்றார் டீக்கன், முணுமுணுப்பாக.

"கேக்கல" என்றாள் இவாட்னி.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்க, இன்னொரு தடவை படித்தார்.